தலைவர் பேசாத வரி

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் மசியக்கா. எந்த நேரமும் விரலில் மை. காலையில் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவாள். மதியத்துக்கு மேல் பல்பொடிக்கும் சோப்புக்கும் விளம்பரம், பெரிய மனிதர்களுக்கு மேடைப்பேச்சு. பல்லே இல்லாதவரையும் பல்பொடி வாங்க வைத்துவிடுவாள் என்று, கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவர் பெருமையோடு கேலி செய்வார். அந்தக் காலத்தில் ஒரு பெண் சம்பளத்துக்கு எழுதுவது பலருடைய கண்ணை உறுத்தியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒன்று மட்டும் அவள் மனசை அரித்தது. புதிதாகக் கட்டிய வாசகசாலைக்குள் பெண்களை விடுவதில்லை என்று நகரசபை முடிவுகட்டியிருந்தது. அவள் எழுதும் பத்திரிகை அங்கே மேஜைமேல் கிடக்கும்; அவள் வாசலோடு நிற்க வேண்டும். நகரசபைத் தலைவர் திறப்புவிழாப் பேச்சை எழுதித் தரச் சொன்னபோது, கடைசியில் "பெண்களும் தாராளமாக உள்ளே வரலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். தலைவர் படித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டினார்.

மேடைப்பேச்சின் நகல் முன்கூட்டியே அச்சகத்துக்குப் போய்விடுவது வழக்கம். பேசி முடித்த பிறகு அச்செழுத்துக் கோக்க உட்கார்ந்தால் காலைப் பத்திரிகை சாயங்காலம்தான் வரும். அன்றும் அப்படியே போயிற்று.

மறுநாள் காலை பத்திரிகை ஆசிரியர் அவள் மேஜைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தக் கடைசி வரியை அவர் பேசவே இல்லையாம்மா. முன்வரிசைப் பெரியவங்களைப் பார்த்ததும் மென்னு முழுங்கிட்டாராம். நாம அச்சடிச்சு ஊரெல்லாம் வித்தாச்சு. இப்ப இங்கதான் வந்துட்டிருக்கார்."

வேலை போனால் போகிறது, அந்த வரி போய்விடுமே என்றுதான் அவளுக்கு அழுகை முட்டியது.

தலைவர் வந்தார். "நான் சொல்லாததை எப்படிம்மா போட்டீங்க? என்ன பேசினேன்னு வந்து கேக்க வேண்டாமா?"

"கேக்கத்தான் வந்தேங்க ஐயா. பொம்பளைங்களை விடுறதில்லைன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆசிரியர் மெல்ல, "மறுப்புப் போட்டுடலாங்களா?" என்றார்.

"எங்க போடுறது? கல்யாணமானதுலேர்ந்து நேத்துத்தான் உருப்படியா பேசியிருக்கீங்கன்னு பத்திரிகையைப் படிச்சுட்டு எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. தெருவில இருக்கிற பொம்பளைங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வாசகசாலைக்குக் கிளம்பியும் போயாச்சு." பெருமூச்சு விட்டபடி தலைவர் எழுந்தார். "அடுத்த கூட்டத்துக்கு உள்ள வந்து உக்காந்து எழுதுங்க. வாசல்ல சொல்லி வைக்கிறேன்."

அதன்பிறகு, அவள் வேலையை விடும்வரை முன்வரிசையில் ஒரு நாற்காலி அவளுக்குத்தான். அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியைக்கூடத் தலைவர் விட்டதில்லை.