வேகம் கூட்டாத குரல்

ஏஞ்சலுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறைந்துவிடும். மற்றவர்களுக்கு ஏறுகிற இடத்தில் அவளுக்கு இறங்கும். எளாவூரில் அவர்கள் தெருவுக்கே இது தெரியும். தண்ணீர் லாரிக்காரனிடம் அவள் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தால், பின்னால் நிற்கும் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராகிவிடுவார்கள்.

அம்மா ஞானம்மாவுக்கும் சத்தம் குறைவுதான். ஆனால் அது கோபத்தால் வந்ததல்ல. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுத்த குரல் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் அவள் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது, குளிரூட்டும் குழாய் பிளந்து அமோனியா வெளியே வந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஞானம்மா தனக்குத் தெரிந்த ஒரே வாசலை நோக்கி ஓடினாள். காற்றும் அதே வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கூரைமேல் கம்பத்தில் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய் ஒன்று நீண்டு பறந்து, எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குக் காத்துப் பை என்று பேர், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவளுக்குத் தெரிய வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டில் சொன்னார்களாம். சொன்னதற்குச் சாட்சியாக அவளுடைய கைரேகையும் இருந்தது. சொன்னவன் சொன்ன வேகம் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.

அதற்குப் பிறகு அவள் குரல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல ஆகிவிட்டது. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். இருமுகிறவளை எந்த மேஸ்திரி ஆளாகச் சேர்ப்பான்? பேட்டையில் ஒரு கேட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் வீட்டிலேயே இட்லி ஊற்றி, எல்லைச் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தாள். அந்த இட்லியில்தான் ஏஞ்சல் பொன்னேரிக்கு ரயிலில் போய் கம்ப்யூட்டர் படித்தாள்.

படித்து முடித்ததும் சென்னைக்குப் போகவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்த தேசப்பனின் சிறிய மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். தேசப்பன் இரும்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்து, அங்கே யாரும் ஒழுங்காகச் செய்துதராத சின்னச் சின்ன மென்பொருள்களைத் தானே செய்து விற்கலாம் என்று வெளியே வந்தவர். ஆந்திர எல்லையோரத்து மனிதர். ஏஞ்சலோடு வேலை பார்க்கும் ரகுவை நைனா என்றும், ஏஞ்சலை அம்மா என்றும் கூப்பிடுவார். ஏஞ்சல் என்று முழுப் பேரும் வந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த வருஷம் பேட்டையிலிருந்த பெரிய ரசாயனக் கம்பெனி ஒன்றின் வேலை வந்தது. புதிதாக வரும் ஒப்பந்தத் தொழிலாளிகள் கேட்டில் பாதுகாப்பு விஷயங்களைத் தங்கள் மொழியில் கேட்க வேண்டும். கேட்டு முடித்தால்தான், 'கேட்டுப் புரிந்துகொண்டார்' என்று கம்பெனி அதிகாரியின் பேரோடு பாஸ் அச்சாகும். காவலர் அறையில் விண்டோஸ் கம்ப்யூட்டர், வரிசைக்குப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு டேப்லெட், பின்கேட்டில் லினக்ஸ் ஓடும் கிழட்டுப் பெட்டி ஒன்று. மூன்றிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும்.

ஒலியை ஓட்டுவது என்பதை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. அதற்கென்று பிறர் எழுதிவைத்த ஆயத்தத் தொகுப்புகள் இருக்கின்றன. லைப்ரரி என்பார்கள். எதை எடுப்பது என்று பார்க்கும் வேலை ஏஞ்சலிடம் வந்தது. பெண் பார்க்கப் போவதைவிட மோசமான வேலை அது. எல்லாமே ஃபோட்டோவில் அழகாக இருந்தன. ஒன்று, டேப்லெட் தூங்கி எழுந்ததும் முதல் வார்த்தையை விழுங்கியது. இன்னொன்று கிழட்டுப் பெட்டியில் ஊமையாக உட்கார்ந்திருந்தது. பிரவுசரில் ஓடுகிற ஒன்று, யாராவது திரையைத் தொடும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்றது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பெரியது. எதிரொலி, வேகம், தாவல் என்று அதில் இல்லாததே இல்லை. மற்றது ரொம்பச் சின்னது. திற, ஓட்டு, நிறுத்து, சத்தத்தைக் கூட்டு, குறை, முடிந்தால் சொல்லு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தமிழ்க் குரலுக்கு ஆள் தேடவில்லை. ஏஞ்சல் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஃபோனை அம்மா முன்னால் வைத்தாள். சோதனைச்சாவடி லாரிகளின் ஹாரன் ஓயும் இடைவெளிகளில் வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்தார்கள்.

"இந்தக் கொரல யாருடி கேப்பாங்க? பேய்ப் படத்துக்குக் குடு, அவன் வாங்கிக்குவான்" என்றாள் ஞானம்மா.

"பயந்தா நல்லா கேப்பாங்க. நீ பேசு."

"எனுக்கு இன்னா தருவாங்க?"

"கேட்டுல டீ குடுக்கச் சொல்றேன்."

"என்னத்தான் கேட்டுக்குள்ள வுட மாட்டானே, எங்கேர்ந்து டீயி" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, அந்த வாக்கியத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

தெலுங்குக்குத் தேசப்பனே பேசினார். இந்திக்கும் ஒடியாவுக்கும் டீக்கடையில் பழக்கமான இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொடுத்தார்கள்.

அதற்குள் கம்பெனியின் மனிதவள அதிகாரி வீரராகவன் ஃபோனில் ஒரு ஆசையைச் சொல்லியிருந்தார். ஷிஃப்ட் மாறும்போது வரிசை ரோடு வரைக்கும் வருகிறது. வேகமாக ஓட்டுகிற பட்டன் ஒன்று இருந்தால் தேவலை. ரகு உடனே பெரிய லைப்ரரியில் அம்மாவின் குரலைப் போட்டு இரட்டை வேகத்தில் ஓட்டிக் காட்டினான்.

குரல் அணில் கத்துவதுபோல் வந்தது. தேசப்பன் சிரித்தார். கீழே டயர் கடைப் பையன்கள்கூட அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ஏஞ்சலும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தக் கீச்சொலியில் அம்மாவின் இருமல் இல்லை. உப்புத்தாள் இல்லை. ஒன்றுமே நடக்காத ஒருத்தியின் குரல் அது.

"ரகு, இன்னொரு வாட்டி போடு" என்றாள். சத்தம் இறங்கியிருந்தது.

போட்டான்.

"காஸ் வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லுது?"

"அது... இரு, ஸ்லோ பண்ணிக் கேட்டு சொல்றேன்."

"வேணாம்" என்றாள்.

மறுநாள் சின்ன லைப்ரரிதான் என்று தேசப்பனிடம் சொன்னாள். மூன்று இயந்திரத்திலும் பிசகாமல் ஓடுகிறது, லைசன்ஸ் தொல்லை இல்லை, கிழட்டுப் பெட்டிகூட மூச்சு வாங்காமல் பேசுகிறது. அத்தனையும் உண்மை.

"எல்லாம் சரிம்மா. அவரு கேட்ட ஸ்பீடு?"

"இதுல வராது சார்."

"வராதா?"

"இதுல இல்ல சார்."

தேசப்பன் தலையாட்டிவிட்டார். ஏஞ்சல் நாற்காலிக்குத் திரும்பினாள். சொன்னதில் பொய் இல்லை; ஆனால் முழுசும் இல்லை. அது வராது என்பதற்காகவேதான் அவள் அதை எடுத்திருந்தாள். அந்த மிச்சம், செருப்புக்குள் போன கல்போல, வேலை முடியும்வரை கூடவே நடந்தது.

கேட்டில் முதல்நாள் ஓட்டிப் பார்க்கக் காலை ஷிஃப்டுக்கே போனார்கள். வரிசை ஏற்கனவே நீண்டிருந்தது. டிபன் கேரியர்கள், பிளாஸ்டிக் கவரில் செருப்பு, புதுசாக வாங்கி இன்னும் மடிப்புக் கலையாத சட்டைகள். எல்லோருக்கும் முன்னால் ஒரு மேஸ்திரி காதில் ஃபோனோடு நின்றான். வீரராகவன் டேப்லெட் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தேசப்பன். ஃபாஸ்ட் பட்டன் எங்க?"

"சார், அந்த லைப்ரரில அது வராது சார். பாப்பா நல்லா பார்த்துதான் எடுத்துச்சு."

"சரி, சாஃப்ட்வேர்ல வேணாம். ஃபைலையே வேகமாக்கிப் போட்டுடுங்க. அது முடியும்ல?"

யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டான். ரகு, "அது அஞ்சு நிமிஷ வேல சார்" என்றான். சொன்ன பிறகுதான் ஏஞ்சலைப் பார்த்தான்.

லைப்ரரிக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. இத்தனை நாள் ஒரு சின்ன நிரல்தொகுப்பைத் தனக்காகப் பேசவிட்டிருக்கிறாள். அதற்கோ மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. முடியாது என்று மட்டும்தான் தெரியும்.

"முடியும் சார்" என்றாள். "ஆனா நான் பண்ண மாட்டேன்."

மேஸ்திரி காதிலிருந்து ஃபோனை எடுத்தான்.

"என்னம்மா?" என்றார் வீரராகவன். கோபத்தில் அல்ல. உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை.

ஏஞ்சல் ஒரு அடி முன்னால் போனாள். "லைப்ரரி மேல பழி போட்டது தப்பு சார். வேகம் வராதத தேடித்தான் எடுத்தேன். இவங்களுக்குப் புரியாத மாதிரி நான் ஓட்டித் தர மாட்டேன்."

"ஏஞ்சல்" என்றார் தேசப்பன். முழுப் பேர். "வண்டில போய் உக்காரு."

"போறேன் சார். இத்த பேசிட்டுப் போறேன்."

வீரராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். "இதோ பாரும்மா, நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தான். பிளான்ட் ஓடணும். நீ பண்ணலன்னா இந்தத் தம்பி பண்ணிடுவாரு."

"பண்ணட்டும் சார். ரகுவுக்கு என்னவிட நல்லாவே வரும்." அவள் குரல் இன்னும் இறங்கியது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். "ஒண்ணு மட்டும் பண்ணச் சொல்லுங்க. பாஸ்ல உங்க பேரு அடிக்குது இல்ல, 'கேட்டுப் புரிந்துகொண்டார்'னு? அதுக்குக் கீழ எவ்ளோ வேகத்துல கேட்டாங்கன்னும் அடிக்கச் சொல்லுங்க. 'இரட்டை வேகத்தில் கேட்டுப் புரிந்துகொண்டார்.' அவ்ளோதான். அதுவும் அஞ்சு நிமிஷ வேலதான் சார்."

நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது. வீரராகவன் அச்சாகியிருந்த மாதிரிப் பாஸைக் கையில் எடுத்து, தன் பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மை காய்ந்துதான் இருந்தது.

ரகு தரையைப் பார்த்தபடி, "அத்த நான் பண்ணல சார்" என்றான். எதைப் பண்ணவில்லை என்று அவன் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"சார், டைம் ஆவுது சார். எத்தையாவது ஒண்ண போடுங்க, ஆளுங்க நின்னுக்கினே இருக்காங்க" என்றான் மேஸ்திரி.

"இன்னிக்கு இப்படியே ஓடட்டும்" என்றார் வீரராகவன் கடைசியில். பிறகு தேசப்பனைத் தள்ளிக் கூட்டிப்போய், கையை வீசி வீசி ஏதோ சொன்னார். தேசப்பன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

காவலர் டேப்லெட்டைத் தொட்டார். முதல் வார்த்தை முழுசாக வந்தது. ஞானம்மாவின் குரல், அதன் அத்தனை சொரசொரப்போடும், கம்பிக் கதவைத் தாண்டி, கட்டிடத்துக்குள் போனது. 'மேல பாருங்க. கம்பத்துல ஒரு துணிப் பை பறக்கும். அது எந்தப் பக்கம் பறக்குதோ அந்தப் பக்கம் ஓடாதீங்க. காத்துக்குக் குறுக்கால ஓடுங்க. எனக்கு அப்போ தெரியாது. உங்களுக்குச் சொல்றேன்.' கடைசி இரண்டு வாக்கியம் ஏஞ்சல் எழுதிக்கொடுத்ததில் இல்லை. அம்மாவாகச் சேர்த்தது. வெட்டாமல் விட்டிருந்தாள்.

"யாருப்பா இது, தொண்டைய மாத்தச் சொல்லு" என்று ஒருத்தன் வரிசையில் முனகினான்.

அவனுக்கு முன்னால், சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்த ஒரு பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "மூடிக்கினு கேளுடா." பிறகு நெற்றியில் கையை வைத்துக் கூரைப் பக்கம் தேடினாள். ஒரு தூண் மறைத்தது. வரிசையை விட்டு இரண்டடி விலகி நின்று பார்த்தாள். ஆரஞ்சுத் துணி கடல் காற்றில் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் பக்கத்திலிருந்தவளின் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

வண்டியில் திரும்பும்போது தேசப்பன் டயர் கடை கண்ணுக்குத் தெரியும்வரை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். பின் சீட்டில் ரகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார் தேசப்பன்.

"சொல்லியிருந்தா?"

அவர் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தார். "பெருசத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல சார்."

"நல்லா சொன்ன போ." ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். "அடுத்த வேல குடுப்பானா மாட்டானான்னு தெரியல. இத்த தூக்கிப் போட மாட்டான், பாஸ்ல அவன் பேரு மாட்டிக்கும். ஆனா ஒண்ணு சொல்லிட்டான். உன்ன இனிமே அந்த கேட்டுக்குள்ள வுட மாட்டாங்களாம்."

ஏஞ்சல் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"நான் எதுக்கு சார் உள்ள போவணும்" என்றாள். இந்த முறை குரல் தாழவில்லை. பின் சீட்டில் ரகு கண்ணைத் திறந்துவிட்டான். "எங்கம்மாதான் உள்ள போயிடுச்சு இல்ல."