கிணற்றுக்குக் கட்டணம் வேண்டாமென்ற குணநாயகம் ஐயா

அன்றைக்கு எங்கள் பிரதேச சபைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: நடுக்கதிரையில் தவிசாளர், அவருக்குப் பக்கத்தில் செயலாளர் அம்மா, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், மூலையில் கோப்புக் கட்டோடு கிளாக்கர் குணநாயகம் ஐயா, பின்வாங்கில் நான், எனக்குப் பக்கத்தில் என் கணவரின் தம்பி கதிரேசு. ஒருவரையும் நான் விடவில்லை. போன மாதம் மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டு நின்றபோது, அரைக்க வந்த பிள்ளை ஒன்று சொன்னது: "அம்மா, குணநாயகம் ஐயா விடியப்புறம் மோசம் போயிட்டாராம்." சாவுச் செய்தி. மில்லை நிற்பாட்டினேன். அந்த இரைச்சல் அடங்கியதும் என் காதில் கேட்டது அந்தக் கூட்டத்துச் சத்தம்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி ஐயாவின் மகள் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், பெயர்களில் கைவைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

என் கணவர் காலமான பிறகு வீட்டு வளவின் மூலையில் கொட்டில் போட்டு ஒரு சின்ன மில் வைத்தேன். தூள் அரைத்துச் சுன்னாகம் சந்தைக்குக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். குடியிருக்கிற காணியில் தொழில் செய்வதென்றால் சபைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்த விண்ணப்பத்துக்குச் சபை அந்த வருடம்தான் புதுக் கட்டணம் வைக்க இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் எத்தனை பரப்பு நிலம் எழுதியிருக்கிறதோ அத்தனைக்கும் கட்டணமாம். என் உறுதியில் நாலு பரப்பு. அந்தக் காசைக் கட்டுவதற்கு மில்லைத்தான் விற்க வேண்டும். மில்லை விற்றால் பிறகு எதற்கு விண்ணப்பம்?

ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பத்தை அலுவலக மேசையில் வைத்து முடிக்க மாட்டார். சைக்கிளில் அந்தக் காணிக்கே போய், நடுவில் நின்று சத்தமாக வாசிப்பார். என் வளவுக்கும் வந்தார்.

"ஏன் ஐயா கந்தோரிலை வாசிக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"காணியிலை நிண்டு வாசிச்சால்தான் அக்கா, கடதாசி சொல்லுறது பொய்யோ மெய்யோ எண்டு தெரியும்."

விண்ணப்பத்தோடு இருந்த உறுதியை வாசித்துக்கொண்டே போனவர், "கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். வேலி மூலையில் இருந்த கிணற்றைப் பார்த்தார். அது மூன்று வீட்டுக்குப் பொதுக் கிணறு. எனக்கு ஒரு பங்கு, கதிரேசுக்கு ஒரு பங்கு, மற்றது பக்கத்து வீட்டுக்கு.

"உந்தக் கிணத்துக்குள்ளையும் மிளகாய் அரைக்கப் போறியளோ அக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டு வாங்கி, குனிந்து, கொட்டிலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "உதுதான் மில். மிச்சம் வீடு" என்றார்.

கூட்டத்தில் கட்டண அட்டவணையை வாசிக்க எழும்பிய ஐயா பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஐயாமார், மூண்டு வீட்டுக்காரர் தண்ணி அள்ளுற கிணறு மூண்டு உறுதியிலையும் கிடக்கு. அந்த ஒரு கிணத்துக்கு மூண்டு தரம் கட்டணம் வாங்குவமோ?"

ஓர் உறுப்பினர், "கிளாக்கர் ஆற்றை பக்கம்? சபையின்ரை பக்கமோ, சனத்தின்ரை பக்கமோ?" என்று நக்கலாகக் கேட்டார்.

"நான் கிணத்தின்ரை பக்கம்" என்றார் ஐயா. தவிசாளர்கூடச் சிரித்தார். தொழில் நடக்கிற நிலத்துக்கு மட்டும் கட்டணம், பொதுக் கிணறும் போய்வருகிற ஒழுங்கையும் கணக்கில் இல்லை என்று தீர்மானம் எடுத்தார்கள். கதிரேசு என் பக்கத்தில் இருந்து கைதட்டினார். "வெண்டிட்டியள் மச்சாள்" என்றார்.

அடுத்த கிழமை மூன்று பக்கெற் தூள் கொண்டு கந்தோருக்குப் போனேன். மூன்றையும் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டி, என்னை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் விட்டவர் கதிரேசு. உள்ளே இரண்டு பக்கெற்றை மேசையில் வைத்தேன்.

"எடுங்கோ அக்கா. உதை வைச்சியளெண்டால் நான் பிறகு உங்கடை காணியிலை நிண்டு வாசிக்கேலாது" என்றார் ஐயா. திருப்பி எடுத்தேன். மூன்றாவது பக்கெற் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

பத்து நாளில் ஐயாவுக்கு எதிராகக் கையெழுத்தில்லாத ஒரு பெட்டிசம் போனது. விசாரணையில் என்னை இருத்தி வாசித்துக் காட்டினார்கள். "மில் வைத்திருக்கும் பெண்ணிடம் மூன்று பக்கெற் தூள் இலஞ்சமாக வாங்கினார்." மூன்று! கந்தோரில் கண்டவர்கள் இரண்டைத்தான் கண்டார்கள். அந்தக் கணமே எனக்கு விளங்கியது. மில் மூடினால் என் வளவைத் தன் வளவோடு சேர்த்து வாங்கலாம் என்று காத்திருந்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐயாவில் குற்றம் இல்லையென்று எழுதினார்கள். எழுதியும், தீவுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்க, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார். ஒருநாள்கூட என்னை நொந்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் மில்லுக்குத் தானே மிளகாய் கொண்டு வந்து, வரிசையில் நின்று அரைத்து, காசும் தந்துவிட்டுத்தான் போவார்.

ஒருநாள் அந்தப் பெயரை அவருக்குச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும். விடுங்கோ அக்கா" என்றார். "பெட்டிசம் எழுதினவனும் தூள் அரைக்க உங்களிட்டைத்தானே வரவேணும்."

வருகிறார். நானும் அரைத்துக் கொடுக்கிறேன். ஒரு கரண்டி குறைய விட்டதில்லை. அது ஐயாவின் சொல்லுக்காக.

அவர் போட்ட சுண்ணாம்புக் கோடு மழைக்கு அழியும். ஒவ்வொரு தை மாதமும் அதே இடத்தில் திரும்பப் போடுகிறேன். எந்தக் கடதாசி வந்தாலும் அது சொல்லுகிற இடத்தில் போய் நின்று, எழுத்துக் கூட்டியென்றாலும், சத்தமாக வாசிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும். இரண்டாலும்தான் என் மில் இன்றைக்கும் ஓடுகிறது.

செத்த வீட்டில் முன்வரிசையில் நின்று, "தங்கமான மனிசன்" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஐயா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். விடச் சொன்னீர்களே, அதை மட்டும் கேட்க மாட்டேன். அந்தப் பெட்டிசத்தை எழுதியவர் என் கணவரின் தம்பி கதிரேசு.