ரூபி அனுப்பிய சீலிங் வீடியோ

போன வாரம் எங்கள் பக்கம் விடாத மழை. மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும் என் தங்கை ரூபி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தால்... வெறும் சீலிங்! வெளியே மழைச் சத்தம், உள்ளே வெள்ளையடித்த சீலிங். வேறு ஒன்றுமில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் தெரியுமா?

ரூபியின் கணவருக்குக் கத்தாரில் வேலை. எங்கள் ஊர் கல்ஃப்காரர் வீடுகளில் புதுமனை புகும் பால்காய்ப்புக்கு நாள் குறிப்பதே அவர்களுடைய லீவுதான். லீவு கிடைத்துவிட்டதா? வீடு முடிந்தாக வேண்டும்! கான்ட்ராக்டரும் எங்கள் சர்ச் சபைக்காரர். சபைக்காரரிடம் போய் யாராவது அக்ரிமென்ட் கேட்பார்களா? ரூபியும் கேட்கவில்லை.

பால் காய்ச்சினோம், பிரியாணி சாப்பிட்டோம், அவள் கணவர் விமானம் ஏறினார். அடுத்த மழையிலேயே கூரை ஒழுகியது. படுக்கையறையில் வாளி, ஹாலில் அண்டா. பிள்ளைகள் சமையலறையில் படுத்தார்கள். கான்ட்ராக்டர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "புது வீடுன்னா கொஞ்சம் அப்பிடித்தான் இருக்கும் அக்கா" என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவேயில்லை.

"நம்ம சபை ஆளு. கேஸு கீஸுன்னு போகாத ஏட்டி" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"சபை ஆளு போட்ட கூரைன்னு மழைக்குத் தெரியுமாக்கும்?" என்றாள் ரூபி.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லை. அடுத்து, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் அங்கே புகார் கொடுக்கலாம், வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை — இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். சபையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டாலே குரல் நடுங்குகிறவள், தன் கேஸைத் தானே பேசினாள்!

சரி... அக்ரிமென்ட் இல்லையே, ஆதாரம்? வேலை நடக்கும்போதெல்லாம் கணவருக்கு வீடியோ எடுத்து அனுப்புவது அவள் வழக்கம். கான்கிரீட் போட்ட மறுநாள் எடுத்த ஒன்று அகப்பட்டது. புதுக் கான்கிரீட் மேல் பாத்தி கட்டிப் பல நாள் தண்ணீர் நிறுத்தினால்தான் அது இறுகும், இல்லாவிட்டால் விரிசல் விட்டு ஒழுகும். சுள்ளென்று வெயில், காய்ந்து கிடக்கும் மாடி.

"அண்ணே, பாத்தி கெட்டித் தண்ணி நிறுத்தலியா?" — ரூபியின் குரல்.

"எதுக்கு அக்கா? மழ வரும்லா, அது பாத்துக்கிடும்." — கான்ட்ராக்டர்.

மழையும் வந்தது. படுக்கையறைக்குள்ளேயே வந்து பார்த்துக்கொண்டது!

"லீவுக்குள்ள முடிக்கணும்னு அவசரப்படுத்துனது இவங்கதான்" என்று ஆணையத்தில் அவர் சொல்லிப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிக்கத்தான் சொன்னேன் ஐயா. தண்ணி நிறுத்தண்டாம்னு நான் சொல்லல" என்றாள் ரூபி. குரல் நடுங்கியதாம். பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாளே!

ஆணையம் அனுப்பிய இன்ஜினியர் வீட்டை வந்து பார்த்தார். கான்ட்ராக்டர் தன் செலவில் கூரையைச் சரிசெய்து தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வேலை நடந்தபோது ரூபி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே அவர் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே சபைக்குத்தான் போகிறார்கள். தெரிந்தவர் என்றால் எழுதி வாங்கக் கூச்சப்படுகிறோம். எழுதி வாங்கிக்கொண்டும் தெரிந்தவராகவே இருக்கலாமே?

ஒரு சொட்டுகூட ஒழுகாத அந்தச் சீலிங் வீடியோவை ஆபீசில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். என் தங்கையாக்கும்!

என் கல்யாண வீடியோவைக்கூட நான் இத்தனை தடவை பார்த்ததில்லை.