ஈரத்தில் தெரியாத துணி

எமில்டா என் வேட்டியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்னால் கையை விட்டு விரல்களை ஆட்டிப் பார்த்தாள். அத்தனை விரலும் தெரிந்தன. அதோடு விட்டாளா? ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். துணி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு ரேகை வரைக்கும் காட்டியது. “அண்ணாச்சி, இது ஒமக்குக் கல்யாண வீட்டுக்குச் சரி. எனக்கு ஆவாது. கொண்டு போவும்” என்று ஈரத்தோடு சுருட்டி என் கையில் திணித்தாள். ஜரிகைக் கரை போட்ட வேட்டி. அதை எடுத்துக்கொண்டு கிளம்ப வீட்டில் நான் வாங்கிய பேச்சு எனக்குத்தான் தெரியும். சும்மா கொடுப்பதைக்கூடத் தரம் பார்த்துத் திருப்பி அனுப்பும் ஆளை இந்தத் தூத்துக்குடியில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

திரேஸ்புரத்தில் கடலுக்குப் போகிற வழியில் அவளுக்கு ஒரு கருவாட்டுக் கடை இருக்கிறது. நெத்திலி, சாளை, பெரிய துண்டுகளாகக் காய்ந்த சீலா. அவற்றுக்கு மேலே, கூரைக் கம்பியில், ஒரு வெள்ளைச் சாக்கு தொங்கும். அதில் இருப்பது கருவாடு இல்லை. கனத்த போர்வை, இரட்டை வேட்டி, இங்கே சாரம் என்று சொல்கிற கட்டம் போட்ட லுங்கி, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்த பழஞ்சேலை. எல்லாம் துவைத்து மடித்தவை. கடல் கரையில் கொண்டுவந்து தள்ளும் உடம்புகளுக்காக அவள் சேர்த்து வைத்திருப்பவை.

“முழுகுனவன கடலு சும்மா விடாது. மொதல்ல சாரத்த உருவும். பொறவு சட்டை. ஜட்டியையுங்கூட விட்டு வைக்காது. கரைக்கு வரும்போது பொறந்தன்னைக்கு இருந்த மாதிரிதான் வரும்” என்று அவள் மீனின் விலை சொல்லுகிற அதே குரலில் சொல்வாள். கரையில் கூச்சல் கேட்டதும் தார்ப்பாயை இழுத்துக் கடையை மூடுவாள், சாக்கைத் தோளில் போடுவாள், கிளம்பிவிடுவாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் துணிந்ததில்லை. துணியை உடம்பின் மேல் சும்மா போர்த்துவது அவளுக்குப் பிடிக்காது. காற்று தூக்கிவிடுமாம். இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

உடம்பைக் கண்டால் கூசுகிற ஊர் இல்லை இது. முத்தும் சங்கும் குளித்தவர்கள் கோவணத்தோடுதான் குதித்தார்கள். அவர்களை அம்மணம் என்று எவரும் சொன்னதில்லை. இன்றைக்கும் வள்ளத்திலிருந்து இறங்கியவர்கள் குழாயடியில் ஒரு துண்டை இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று சுற்றி நடுச்சந்தியிலேயே குளித்து முடிக்கிறார்கள். பாவாடையை மாரில் கட்டிக் குளிக்கிற பெண்களைக் கடந்து போக நேர்ந்தால் ஆம்பிளைகள் இருமிவிட்டு, தலையைக் குனிந்து போவார்கள். அரைஞாண் மட்டும் கட்டிய பிள்ளைகள் மணலில் உருண்டு கிடக்கும். இதே எமில்டாதான் காலையில் பால்காரன் கூப்பிட்டால் நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போடாமல் வாசலுக்கு வரமாட்டாள். துண்டு அகப்படாத அன்றைக்குப் பாலே வேண்டாம் என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

“அப்பல்லாம் இவ்வளவு கட்டுப்பெட்டித்தனம் இல்லையே எமில்டா, இப்போ மட்டும் ஏன்?” என்று ஒரு தடவை சீண்டிப் பார்த்தேன். நெத்திலியில் மண்ணைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள். “அப்பப் பாத்தவன் பாத்துட்டுப் போயிட்டான் அண்ணாச்சி. இப்பப் பாக்குதவன் பாக்கெட்டுல போட்டுக் கொண்டு போறாம்லா!”

கோயில் விஷயத்திலும் அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, போகும்போது எல்லோரும் பாதத்தைத் தொட்டு முத்துவார்கள். இவள் அந்த இடுப்புக் கச்சையைத் தொடுவாள். ஏன் என்று கேட்டேன். “ஆண்டவர அம்மணமாத்தான் அறைஞ்சிருக்காவ. அவர் துணிக்குச் சேவகனுவ சீட்டுல்லா போட்டானுவ. இந்தக் கச்சை அவனுவ குடுத்தது இல்ல. செதுக்குன ஆசாரிக்கு மனசு கேக்கல, போட்டுட்டான். அந்த மனுசன் நல்லாருக்கட்டும்னு தொடுதேன்” என்றாள். பங்குச் சாமியார் என்ன சொல்வார் என்றேன். “அவருட்ட நீரு போய்ச் சொல்லாதியும்” என்று மிரட்டி வைத்தாள்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், ஒரு காலை. நான் சாளைக்கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். கரையில் சத்தம். தார்ப்பாய் விழுந்தது, சாக்கு ஏறியது. நானும் பின்னாலேயே ஓடினேன். இசக்கிராஜா என்கிற பையன் விசைப்படகிலிருந்து தவறி விழுந்து, அவனைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கடற்கரைச் சாதிப் பையன் இல்லை. தூத்துக்குடிக்கு மேற்கே இருக்கிற புதுக்கோட்டைப் பக்கத்துப் பனங்காட்டுக்காரன். பிழைக்க வழி தேடிப் படகேறியவன். அவனாகத்தான் இருக்கும் என்று ஆம்பிளைகள் பேசிக்கொண்டார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முகத்தை மீன் விட்டு வைக்கவில்லை.

எமில்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். குனிந்தாள். சாக்கிலிருந்த நீலப் போர்வை அவன் இடுப்பைச் சுற்றி முடிச்சாகி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளின் கண் நேராக ஒரு கைபேசியில் போய் நின்றது. சிவப்பிரகாஷ், கைபேசியிலேயே செய்திச் சேனல் நடத்துகிற இளைஞன். அவள் வருவதற்கு முன்னாலேயே எடுத்து முடித்துவிட்டான்.

“ஏலே, என்னத்த எடுத்த? காட்டு.”

“செய்திக்கா. ரெண்டு குரூப்ல போட்டிருக்கேன், அவ்வளவுதான். முகத்த மறைச்சுட்டேன். யாருன்னே தெரியாது” என்றான். உண்மையாகவே நல்ல காரியம் செய்துவிட்டதாக அவன் நம்பியது முகத்தில் தெரிந்தது.

“அப்படியா ராசா? அப்ப நீயும் கழட்டு. சட்டை, பேண்டு, உள்ள கெடக்கது, அம்புட்டும். நான் எடுக்கேன். ஒன் மூஞ்சிய மறைச்சிருதேன். நீ யாருன்னே தெரியாதுல்லா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. பைக்கைப் பார்த்து நகர்ந்தான். எமில்டா அவனுக்கு முன்னால் போய் அந்தப் பைக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள், கருவாட்டு வாசம் பிடித்த சேலையோடு.

“இங்க கெடக்கானே, இவன் ஆத்தாளுக்குப் போன் போயாச்சு. ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்கா. அவ கைக்கு இது வரும்லே. ஊருக்கு மூஞ்சி தெரிஞ்சாத்தான் ஆளு தெரியும். குளிப்பாட்டுன கைக்கு மூஞ்சி எதுக்குலே? முதுகப் பாத்தா போதும். அவ மகன மொதல்ல போன்லயா பாக்கணும்? அதுவும் இப்படியா?” கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சிவப்பிரகாஷ் அழித்தான். இரண்டு குழுவிலும் எல்லோருக்குமாக அழித்ததை அவள் கண்ணெதிரே காட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை. “எறக்கி வச்சவன் எத்தன பேரு?” என்றாள். அதற்கு அவன் எங்கே போவான்! பாவம், ஒவ்வொருவராகப் போன் போட்டான். அவள் அந்தப் பக்கம் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். “நீங்க எடுத்ததையும் காட்டுங்க. ஏலே கிருபாகரா, நீ ஒளிக்காத, பாத்துட்டேன்.” ஒவ்வொரு கைபேசியாக வாங்கினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் குப்பைத்தொட்டிப் படம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி அணிந்த ஒரு பெரிய மனிதர் முணுமுணுத்தார். “ஒம்ம பேரனுக்குக் காட்டவா வச்சிருக்கியரு?” என்றதும் அவரும் நீட்டிவிட்டார். நான் என் கைபேசியைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டினேன். அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பயம்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் ஆட்டோ வந்துவிட்டது.

இசக்கிராஜாவின் தாய் செண்பகம் இறங்கியதும் ஓடவில்லை. ஒரு பெண் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். கிட்டே வந்து செண்பகம் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்து, கிட்டத்தட்டச் சிரிப்பது போல, “இது எம்புள்ள இல்ல” என்றாள். “எம்புள்ள செவப்பு. இது யாரோ. எம்புள்ள எங்கனயோ கரையேறி இருப்பான்.”

ஒரு பெரியவர் மெதுவாக, “ஆஸ்பத்திரியில பாத்துச் சொல்லுவாவ தாயி, அங்கன போவம்” என்றார்.

“அங்கன போற வரைக்கும் என்னால ஆவாது. எம்புள்ளைக்கு எடது தொடையில கஞ்சி கொட்டுன தழும்பு உண்டு. மேல, ஒதுக்கமா. அத இங்கனயே எனக்குக் காட்டுங்க.”

ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை பேர் நடுவிலா என்று ஒருவன் இழுத்தான். போலீஸ்காரர் எமில்டாவைப் பார்த்தார். எல்லோருமே அவளைத்தான் பார்த்தோம். இவ்வளவு நேரமாகப் போராடி மூடியவள் அவள். இவள் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

எமில்டா சாக்கைக் கவிழ்த்தாள். இருந்த துணியெல்லாம் மணலில் விழுந்தது. “ஏளா பிளாரன்ஸ், இதப் புடி. ஏளா கிளாடிஸ், நீ அந்தப் பக்கம். தோளுக்கு மேல தூக்குங்க, தொய்ய விடாதிய.” மீன் விற்க வந்த பெண்கள் போர்வையும் சேலையுமாக வாங்கிச் சுற்றி நின்றார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கரையில் ஒரு துணிச்சுவர் எழும்பியது. கடலைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும் ஆள் இல்லை. அங்கே அவளே தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி, ஒரு இரட்டை வேட்டியை விரித்துப் பிடித்து நின்றாள். பிறகு எங்களைப் பார்த்தாள். “ஆம்பளைய அம்புட்டுப் பேரும் ரோட்டப் பாத்துத் திரும்புங்க.”

போலீஸ்காரர்தான் முதலில் திரும்பினார். அவரைத் தொடர்ந்து வள்ளக்காரர்கள், கண்ணாடிப் பெரியவர், சிவப்பிரகாஷ். எல்லாரும் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றோம். பின்னால் செண்பகத்திடம் அவள் தணிந்த குரலில் சொல்வது கேட்டது. “நீயே அவுத்துப் பாரு தாயி. பெத்தவ ஒனக்குத்தான் அது உண்டு.”

அப்புறம், “எய்யா!” என்று ஒரு சத்தம். என் காலம் முழுவதும் அதை நான் மறக்கப்போவதில்லை.

அந்தச் சத்தத்துக்கு என்னையறியாமல் தலை திரும்பிவிட்டது. துணிச்சுவர் அப்படியே இருந்தது; உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேலே எமில்டாவின் முகம் மட்டும் தெரிந்தது. அலை வந்து இடுப்பில் மோதி அவளை ஆட்டியது. கை இரண்டும் கழுத்தளவில் வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்தன. சற்று முன்னால் அந்தப் பையனை முழுசாகப் பார்த்து, தொட்டு, மூடியவளே அவள்தான். இப்போது அவன் தாய் பார்க்கிற நேரம். எமில்டா இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள். செண்பகம் அந்த நீலப் போர்வையைத் தன் கையாலேயே மகன் இடுப்பில் சுற்றி முடிந்துவிட்டு, “போதும்க்கா” என்று சொல்லுகிற வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.