குற்றாலத்துக்கு இரண்டு மூட்டை போதும்

செல்போன் சிக்னலை அளப்பவன் என்று தெரிந்துவிட்டால், கல்யாண வீட்டில் இலை போடும் முன்பே யாராவது தன் போனை என்னிடம் நீட்டிவிடுவார். மொட்டைமாடியில் நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்தியிருக்கும் உங்களுக்கு அவர் கோபம் புரியும்.

எட்டு மூட்டை

கடையநல்லூரில் அளந்துகொண்டிருந்தபோது ஓர் அக்கா வழிமறித்தார். கணவர் துபாயில்; வீடியோவில் அவர் முகம் அடிக்கடி அசையாமல் நின்றுவிடுகிறதாம். டவர் செய்தியைச் சுமக்கும் முறைகளை விளக்கினேன். க்யூபிஎஸ்கே என்ற முறை ஒரு நடைக்கு இரண்டே மூட்டை தூக்கும்; மழையோ கூட்டமோ, கீழே போடாது. 256 க்வாம் என்ற முறை எட்டு மூட்டை தூக்கும். சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் வழியெல்லாம் சிந்தும். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"பேச்சு மட்டும் போதும்னா எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய போனு? எட்டையும் தூக்கச் சொல்லுங்க தம்பி."

மே மாதத்து அளவு

எட்டிலிருந்து இரண்டுக்கு எப்போது இறங்குவது என்பதை டவரில் நாங்கள்தான் அமைக்கிறோம். குற்றாலத்தை மே மாதம் அளந்தேன். அருவியில் தண்ணீர் இல்லை, ஆளும் இல்லை. குரங்குகள் போன் வைத்திருக்கவில்லை. எட்டு மூட்டையும் சிந்தாமல் வந்தது. முடிந்தவரை எட்டிலேயே நிற்கும்படி அமைத்தேன். தென்காசிக்காரனான எனக்கே சாரல் காலம் நினைவுக்கு வரவில்லை. சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்:

"குற்றாலம் பிரமாதம் சார், ரிப்போர்ட்டை அப்படியே மேலே அனுப்புறேன்."

தலையில் எண்ணெயோடு

ஜூலையில் விடுமுறை எடுத்துக்கொண்டு, தலை நிறைய எண்ணெயோடு அருவியில் நின்றேன். சாரலும் கூட்டமும் சேர்ந்து சிக்னலைக் கெடுத்திருந்தன. மேலே காட்டில் நிற்கும் காவலர், தண்ணீர் கலங்கினால் கீழே இருக்கும் காவலர் செல்லையா அண்ணாச்சிக்குப் போன் செய்வது வழக்கம். திடீரென்று அண்ணாச்சி விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டினார். என்னைக் கையைப் பிடித்தே இழுத்தார். நாங்கள் படியேறிக் கொஞ்ச நேரத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் இறங்கியது. மேலிருந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எங்க தம்பி கேட்டுது? மூணு தடவையும் 'தண்ணி'ன்னதோட கட் ஆயிட்டு. நல்ல சேதின்னா எவன் மூணு தடவ கூப்பிடுதான்?"

இறக்கம்

அவருக்குப் பதிலாக, "சரியா கேக்கலியே" என்று நிற்கிற ஆள் அன்று இருந்திருந்தால்? பேச்சை வழியிலேயே சிந்தவிட்ட அந்த டவரை எட்டிலேயே நிற்கும்படி அமைத்தது நான்தான். மறுநாளே, சிக்னல் கொஞ்சம் கெட்டாலும் இரண்டு மூட்டைக்கு இறங்கிவிடும்படி மாற்றினேன். வேகம் விழுந்தது. அடுத்த வாரம் போய் அண்ணாச்சியிடம் விசாரித்தேன்.

"பேச்சு இப்பம் கணீர்னு வருது தம்பி. படந்தான் ஓடமாட்டேங்கு, சும்மா சுத்திக்கிட்டே நிக்கி. நிக்கட்டும், இங்கன படம் பாக்க யாருக்கு நேரம் இருக்கு?"

அந்த வருட மதிப்பீட்டில் என் பெயருக்கு நேரே 'வேகம் குறைவு' என்று எழுதினார்கள், குற்றாலத்தில் குளிக்கும்போது மட்டும் அது எனக்கு உறுத்துவதில்லை.