தம்பிலி மரத்துக்கு வைத்த மருந்து

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. முன்மதிலோரம் இரண்டு செவ்விளநீர் மரங்கள். கொழும்பில் அதை எல்லோரும் தம்பிலி என்றுதான் சொல்வார்கள். ஒழுங்கை முடிகிற இடத்தில், ரயில் பாதையை ஒட்டி, மண்மூட்டை அடுக்கிய காவலரண். அங்கே நிற்கும் ஆமிக்காரர்கள் வெயில் ஏறியதும் எங்கள் கேற்றில் தட்டுவார்கள்.

"அய்யே, தம்பிலி."

என் கணவர் கொக்கத்தடியை எடுத்துக் கொடுப்பார். அவர்களே பறித்து, அங்கேயே வெட்டிக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர் கொடுத்தது பயத்திலா இரக்கத்திலா என்று நான் கேட்டதில்லை. எனக்கென்றால் பயம்தான்.

போர் உக்கிரமாக நடந்த அந்த வருடம் மரங்களில் கருவண்டு விழுந்தது. புதிதாக விரிந்த ஓலைகளெல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டு வந்தன. குருத்தடியில் துளை, அதன் வாயில் மென்று தள்ளிய நார். கணவர் ஏணி வைத்து ஏறிக் கம்பியால் வண்டுகளைக் குத்தி எடுத்துப் பார்த்தார். எடுக்க எடுக்க வேறு வண்டுகள் வந்தன. கடைசியில் புறக்கோட்டையிலிருந்து குருணை மருந்து வாங்கி வந்தார். மரத்தைச் சுற்றி மண்ணைக் கிண்டிப் போட்டு, மூடித் தண்ணீர் ஊற்றவேண்டும். வேர் அதை உறிஞ்சிக் குருத்துவரை கொண்டுபோகும். சில மாதங்களுக்கு அந்த மரத்து இளநீரைக் குடிக்கக்கூடாது என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஷொப்பிங் பாக்கைக் கட்டிக்கொண்டு மருந்தைப் போட்டு மூடினார். முடித்ததும் காவலரண் பக்கம் பார்த்தார்.

"இவங்களுக்குச் சொல்லவேணுமப்பா."

"சொல்லாதேங்கோ. குலையை வெட்டி எறிஞ்சு விடுவம். காயில்லை எண்டா கேக்க மாட்டாங்கள்," என்றேன் நான்.

"முத்தினதை வெட்டலாம். பிஞ்செல்லாம் பிறகு முத்தும். நாங்கள் வேலைக்குப் போன நேரம் ஆரும் பறிச்சுக் குடிச்சா?"

முற்றிய குலைகளை வெட்டிப் புதைத்துவிட்டு, போய்ச் சொன்னார். அங்கிருந்த கோப்ரலுக்கு எங்களைத் தெரியும். சிரித்துக்கொண்டு, சொன்னது நல்லது என்றானாம்.

சில வாரங்களில் நகரத்தில் குண்டு வெடித்தது, தமிழர் எல்லோர்மேலும் சந்தேகம் விழுந்தது. காவலரணில் நின்றவர்களை மாற்றினார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவன் ஒரு ஞாயிறு மத்தியானம் தம்பிலி கேட்டு வந்தான். மரத்தில் அப்போது காய் இருந்தது.

"பொன்ன எபா. வச தாலா," என்றார் அவர். குடிக்கவேண்டாம், நஞ்சு போட்டிருக்கிறது என்று. வண்டுக்கு என்று சொல்வதற்குள் அவனுடைய முகம் மாறிவிட்டது. திரும்பிப் போனவன் ஓர் அதிகாரியையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"யாருக்கு நஞ்சு வைத்தாய்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான்.

கணவர் மிச்சமிருந்த மருந்துப் பக்கற்றைக் காட்டினார். வெட்டுப்பட்ட ஓலையைக் காட்டினார். அதிகாரி பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மண்ணில் போட்டது எப்படிக் காய்க்குள் போகும்?"

"வேரால் ஏறும், சேர்."

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது?"

பக்கற்றோடு அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். முன்வீட்டுச் சிங்கள அம்மா ஹவுஸ்கோட்டோடேயே என்னுடன் பொலிசுக்கு வந்தார். "என் மரங்களையும் அந்த வண்டுதான் தின்கிறது, வந்து பாருங்கள்," என்று சத்தம் போட்டார். அப்படி ஒருவரை அங்கே கொண்டுவரவில்லை என்றார்கள். அடுத்த நாளும் அதையே சொன்னார்கள்.

கணவர் இல்லாதபோது ஆமிக்காரர்கள் வந்து இரண்டு மரங்களையும் தறித்தார்கள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன்.

மூன்றாம் வாரம் அவரை விட்டார்கள். வலது காது கேட்கவில்லை. குளிக்க வார்த்தபோது முதுகில் இருந்த காயங்களைப் பார்த்தேன். அவராகவே சொன்னது ஒன்றுதான்: "ஒரே கேள்விதானப்பா. ஆர் பழக்கினது, ஆர் பழக்கினது எண்டு."

வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. வத்தளையில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒருநாள் சோறு போடும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"சொல்லாம விட்டிருக்கலாமே?"

கேட்கவில்லை என்று நினைத்து இடது பக்கம் போய் மறுபடி கேட்டேன்.

"முதலே கேட்டது," என்றார். "ஒரு பெடியன் குடிச்சுச் செத்திருந்தா?"

சாகட்டும் என்றுதான் அந்த நேரம் வாயில் வந்தது. அதை அவரிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் கண்மூடி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நினைப்பைத் தவறென்று எண்ண என்னால் முடியவில்லை.