மாரிக்குப்பம் ரயிலில் ஒரு சாக்குக் கல்

காலை ஏழு மணிக்கு விவேக் நகரிலிருந்து ஆட்டோவில் கன்டோன்மென்ட் நிலையம் வந்தபோதே எனக்கு அலுத்துவிட்டது. எதிர் நடைமேடையில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிற கூட்டம் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கவயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பம் போகும் என் பெட்டி காலி. சுத்தியல், உளி, சாக்கு மூன்றையும் காலடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினேன்.

தங்கம் தேடி நான் போகவில்லை. தங்கம் எப்போது வந்தது என்று தேடிப் போகிறேன். கருங்கல்லில் சிர்க்கான் என்ற பொடிமணிகள் உண்டு. அவற்றிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்று பார்த்துக் கல்லின் வயதைச் சொல்லலாம். தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் நரம்பைக் கருங்கல் அறுத்துக்கொண்டு போயிருந்தால், தங்கம் அதற்கு மூத்தது. அப்படி அறுக்கும் ஓர் இடத்தைப் போன மழைக்காலத்தில் பார்த்துப் படம் எடுத்தேன். அடைமழையில் கல் எடுக்கவில்லை. கல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று வந்துவிட்டேன். கோடி வருடங்களில் யோசித்துப் பழகிய எங்கள் நிலவியல் கூட்டத்துக்கே உரிய தப்பு இது. இந்த மாதம் கல் ஆய்வகத்துக்குப் போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும், ஆராய்ச்சியும் அதோடு சரி.

மாரிக்குப்பத்தில் ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"இந்தப் பாறையா? அங்க வீடு கட்டிட்டாங்களே மேடம்."

உண்மைதான். பாறை இருந்த இடத்தில் பச்சை வண்ணத்தில் புது வீடு. மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

வீட்டுக்காரி செல்வி தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"பாறை வேணுமா? பின்னாடி வாங்க. கக்கூஸ் குழி தோண்டறோம், அந்தக் கல்லுதான் எங்க உசுர வாங்குது."

குழிக்குள் அவர் கணவர் ஜெயக்குமார் கடப்பாரையோடு நின்றார். குழிச்சுவரில் வெள்ளை நரம்பு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாண் அகலத்தில் கருங்கல். வெயில் மழை படாத புதுக் கல். நான் படம் எடுத்து முடித்ததும் அவரே உடைத்துக் கொடுத்தார்.

"தங்கம் இருக்கா மேடம்?"

"இதுல இல்லண்ணா. தங்கம் வந்தப்புறம்தான் இந்தக் கல்லு உள்ள புகுந்திருக்கு. இதோட வயசு தெரிஞ்சா போதும்."

அவர் கல்லைச் சாக்கில் போட்டார். "தங்கம் மொதல்ல, கல்லு அப்புறம், சுரங்க வேலைக்கு எங்க தாத்தாங்க கடைசில. போறதுல மட்டும் தங்கம் முந்திக்கிச்சு, சுரங்கத்த மூடிட்டாங்க. நான் நாளைக்கு விடிகாலை வண்டிய புடிக்கணும், பெங்களூர்ல செக்யூரிட்டி வேலை." திரும்பவும் கடப்பாரையை எடுத்தார்.

மாலை கன்டோன்மென்டில் இறங்கினேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. காலையில் பார்த்த கூட்டம் இப்போது ஊர் திரும்ப நின்றிருந்தது. அதிலிருந்து ஒருவர் என் சாக்கைத் தூக்கித் தோளில் ஏற்றிவிட்டு, "இன்னா மேடம், கல்லா?" என்று கேட்டார்.

"ஆமா, உங்க ஊர்க் கல்லுதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினார். இன்று அவர்களைப் போலவே இந்தக் கல்லும் பெங்களூருக்கு வந்திருக்கிறது. அதற்கு நாளைக்கு விடிகாலை வண்டியைப் பிடிக்க வேண்டியதில்லை.